அவசரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே ஆய்வு செய்வது எப்படி: இங்கிலாந்து வர நினைக்கும் டாக்டர்களுக்கு

‘மேடம், எனக்கு ரிசர்ச்சில் ஆர்வம். இங்கிலாந்து வந்தால் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?’ திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிற இந்தக் கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முடியும். ஆனால் ஆய்வு மட்டுமே வேலை என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். நான் மதுரையில் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவள். இப்போது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு மருத்துவர். வாரத்தில் பாதி நோயாளிகளோடு, பாதி ஆய்வோடு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொஞ்சம் ஏமாந்தால் ஆய்வுக்கான பாதியை ஷிஃப்ட் தின்றுவிடும். அதைக் காப்பாற்றுகிற வழியைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் அரசியலும் வரும். ‘டாக்டருக்கு எதுக்கு அரசியல்’ என்பவர்கள் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளலாம். அவசரப் பிரிவில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று ஆராயப் போனால் கடைசியில் விசா விதிகளில் போய் முட்டிக்கொள்வீர்கள். நான் அப்படித்தான் முட்டிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்

இங்கே டாக்டராக வேலை பார்க்க ஜி.எம்.சி. என்ற மருத்துவ கவுன்சிலில் பதிய வேண்டும். அதற்கு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கென்று அது நடத்துகிற பிளாப் தேர்வு ஒரு வழி. அவசர மருத்துவர்களின் ராயல் கல்லூரி நடத்துகிற எம்.ஆர்.சி.இ.எம். தேர்வை முடித்திருந்தால் பிளாப் எழுதாமலே பதிவு கேட்கலாம். அவசர மருத்துவம்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு இரண்டாவதையே சொல்வேன். எப்படியும் அந்தத் தேர்வை எழுதத்தான் போகிறீர்கள். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7.5, எந்தப் பிரிவிலும் 7க்குக் குறையக் கூடாது. ஓ.இ.டி. என்றால் நான்கிலும் பி கிரேடு.

இதெல்லாம் படித்துத் தேறக்கூடிய விஷயங்கள். தேறிய பிறகு வேலை கிடைப்பதுதான் இப்போது பிரச்சினை. சில வருடங்களுக்கு முன்புவரை பதிவு எண் வந்தால் பின்னாலேயே வேலையும் வந்தது. இன்று ஒரு சாதாரண ஜூனியர் வேலைக்கு விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. 2025 ஜூலையில் அரசு வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், சிறப்புப் பயிற்சி இடங்களில் இங்கே படித்தவர்களுக்கு முன்னுரிமை தரப்போவதாக வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வேலைக் கடிதம் கையில் இல்லாமல், வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ‘வந்துட்டா பார்த்துக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் அவருடைய கமிஷனை அவர் பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

தன் ஊரில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு நாடு முன்னுரிமை கொடுப்பதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாட்டில் நாமும் அதைத்தானே கேட்கிறோம்? ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றுவதுதான் அநியாயம். 2006க்கு முன்பு வெளிநாட்டு டாக்டர் பயிற்சியில் சேர ஒர்க் பெர்மிட் தேவையில்லை. அந்த வருடம் ஏப்ரலில் திடீரென்று அந்த வழியை மூடினார்கள். ஏற்கெனவே இங்கே வந்து, சேமிப்பைக் கரைத்துத் தேர்வு எழுதி முடித்திருந்த ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். இந்திய வம்சாவளி டாக்டர்களின் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டது. அவர்களைப் பின்னுக்குத் தள்ளச் சொன்ன சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல் செல்லாது என்று அன்று உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2008 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒரு தனி டாக்டரால் அந்த வழக்கை நடத்தியிருக்க முடியாது. வந்ததும் ஏதாவது ஒரு தொழிற்சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள், சந்தா கொஞ்சம் உறுத்தினாலும்.

முதல் ஆறு மாதம்

வந்த புதிதில் ஆய்வைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். மருந்து எழுதுகிற கணினி, ரத்த மாதிரி அனுப்புகிற விதம், எந்தப் பிரிவை எந்த எண்ணில் கூப்பிடுவது எல்லாம் முதலில் கைக்குப் பழகட்டும். வேலையில் தடுமாறுகிற ஆள் ஆய்வைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

அப்புறம் ரிசர்ச் நர்ஸைத் தேடிப் பிடியுங்கள். பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன்பே இவரைப் பாருங்கள். எந்த ஆய்வு உண்மையில் ஓடுகிறது, எது பெயருக்கு ஓடுகிறது, எந்த கன்சல்டன்ட் கேட்டதும் கையெழுத்துப் போடுவார், யார் இழுத்தடிப்பார் எல்லாம் இவருக்குத்தான் தெரியும். எங்கள் பிரிவில் பல வருடம் இந்த வேலையைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்கார ரெஜிஸ்ட்ரார்கள் உட்பட எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். புது ஆய்வுத் திட்டத்தை யார் கொண்டுவந்து நீட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி: “இரவு ரெண்டு மணிக்கு வாற ஆக்களை ஆர் சேர்ப்பினம்? முதல்ல அதைச் சொல்லுங்கோ.”

அந்தக் கேள்விக்குள் பாதி ஆய்வு முறையியல் இருக்கிறது. ஆய்வு ஊழியர்கள் பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை இருப்பார்கள். நோயாளிகள் அப்படி வருவதில்லை. கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர், டாக்ஸி ஓட்டுபவர், அடிபட்டும் வேலை முடிந்த பிறகே வருபவர் எல்லாம் ராத்திரிக்காரர்கள். பகலில் மட்டும் ஆள் சேர்த்தால் உங்கள் ஆய்வில் ஓய்வுபெற்றவர்கள் நிறைந்திருப்பார்கள், உழைப்பாளிகள் காணாமல் போயிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து கூலி வேலை செய்பவர்களில் பலர் இந்தக் காணாமல் போகிற கூட்டத்தில் இருப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நோயாளிகளிடம் ஆய்வு செய்வதற்கான விதிகளைச் சொல்லித்தரும் ‘குட் கிளினிக்கல் பிராக்டிஸ்’ பயிற்சியை இணையத்தில் முடியுங்கள். அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்ஸின் ஊழியருக்கு தேசிய ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச்.ஆர். இலவசமாகத் தருகிறது. பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வில் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று எழுதுகிற டெலிகேஷன் லாகில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். அதில் பெயர் இல்லாமல் ஒரு நோயாளியிடம்கூட ஆய்வுக்கான சம்மதம் வாங்கக் கூடாது. அடுத்து ஸ்க்ரீனிங் லாக். தகுதியுள்ளவர் யார் வந்தார், ஏன் சேர்க்கவில்லை என்று எழுதுகிற சலிப்பான பட்டியல். அதை ஒரு மாதம் ஒழுங்காக எழுதுகிற ஜூனியரை யாரும் மறக்கமாட்டார்கள். என்.ஐ.எச்.ஆரின் அசோசியேட் பி.ஐ. (துணை முதன்மை ஆய்வாளர்) திட்டத்திலும் பதிந்துகொள்ளுங்கள், ஆறு மாதம் ஓர் ஆய்வோடு முறையாக வேலை செய்தால் சான்றிதழ் தருகிறார்கள். பயிற்சி டாக்டர்களே சேர்ந்து நாடு முழுக்க ஆய்வு நடத்துகிற டெர்ன் என்ற வலையமைப்பும் இருக்கிறது. தனியாளாக ஒரு ‘புராஜெக்ட்’ செய்து அலமாரியில் வைப்பதைவிட, நூறு மருத்துவமனை சேர்ந்து செய்கிற ஆய்வில் உங்கள் மருத்துவமனையின் வேலையை எடுத்துச் செய்வது மேல்.

கேள்வி கிடைக்கும் இடம்

ஷிஃப்டில்தான். ‘இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்று சீனியரைக் கேளுங்கள். ‘எப்பவும் இப்படித்தான்’ என்று பதில் வந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிப் பதிலுக்கு அடியில் பிணங்கள் இருந்திருக்கின்றன.

தலைக்காயம் பட்டு வருபவருக்கு ஸ்டீராய்டு போடுவது பல்லாண்டுப் பழக்கம். மூளை வீக்கம் குறையும் என்று எல்லோரும் நம்பினோம். கிராஷ் என்ற ஆய்வு 10,008 பேரைச் சேர்த்து 2004இல் முடிவைச் சொன்னது: இரண்டு வாரத்துக்குள், ஸ்டீராய்டு போட்டவர்களில் 21.1 சதவீதம் பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 17.9 சதவீதம். நல்லது என்று நம்பிக் கொன்றிருக்கிறோம். அடுத்தது கிராஷ்-2. ஜப்பானில் உடாக்கோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவரும் 1960களில் கண்டுபிடித்த டிரனெக்ஸாமிக் ஆசிட் என்ற மலிவான மருந்து, அதிக மாதவிடாய்ப் போக்குக்குப் பயன்பட்டுவந்தது. விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்குக் கொடுத்தால்? 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். இந்தியாவும் அதில் இருந்தது. 2010இல் வந்த முடிவில் இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்திருந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதன் பிறகு கொடுத்தால் கெடுதல்கூட வரலாம் என்பதும் தெரிந்தது. பிறகு, இந்த இரண்டு ஆய்வுகளையும் நடத்திய அதே லண்டன் குழு, குடல் ரத்தக்கசிவுக்கு அதே மருந்தை 12,009 பேரிடம் சோதித்து, 2020இல் ‘இதற்குப் பலனில்லை’ என்று வெளியிட்டது. எனக்கு மூன்றாவது முடிவின் மேல்தான் மரியாதை அதிகம். தன் மருந்தே தோற்றதை அதே அளவு பக்கங்களில் எழுத மனசு வேண்டும்.

இந்த ஆய்வுகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது படிவத்தின் அளவு. கை ரத்தத்தோடு நிற்கிற டாக்டர் நிரப்பக்கூடிய அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். உங்கள் படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டினால், ஒவ்வொரு கேள்விக்கும் ‘இந்தப் பதிலை வைத்து எந்த முடிவை மாற்றுவேன்?’ என்று கேட்டு வெட்டுங்கள். நான் பார்த்த படிவங்களில் முதலில் வெட்டப்பட வேண்டியது எப்போதும் பேராசிரியர் ஆசைப்பட்டுச் சேர்த்த கேள்வியாகத்தான் இருக்கும்.

சம்மதம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இதயம் நின்றுபோனவரிடம் எப்படிச் சம்மதம் கேட்பது? பிரிட்டனில் 2006இலிருந்து சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: எத்திக்ஸ் கமிட்டி முன்கூட்டியே அனுமதித்திருந்தால், காத்திருக்க முடியாத அவசரத்தில் முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு கேட்கலாம். இதய நிறுத்தத்துக்கு அட்ரினலின் உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்த்த பாராமெடிக்-2 ஆய்வு அப்படித்தான் 8,014 பேரைச் சேர்த்தது. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே கேட்டு வாங்கிக் கையில் போட்டுக்கொள்ள ஒரு ஸ்டீல் வளையம்கூட இருந்தது. 2018இல் முடிவு வந்தது. முப்பது நாளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், வெறும் உப்புநீர்ப் பக்கம் 2.4. ஆனால் பிழைத்தவர்களில் கடுமையான மூளைப் பாதிப்போடு வெளியே போனவர்கள் 31 சதவீதமும் 17.8 சதவீதமும். இதை வைத்து மருந்து நல்லதா கெட்டதா என்று எங்கள் காபி அறையில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

பிறகு கேட்பது என்றால் எப்படி? நோயாளி வார்டில் நினைவு தெளிந்து, முதல் முறை சாப்பிட்ட பிறகு போங்கள். உட்கார்ந்து பேசுங்கள். முதலில் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள்; பலருக்கு அதுவே தெரிந்திருக்காது. அதன் பிறகு, ‘அந்த நேரத்தில் உங்களைக் கேட்காமல் ஓர் ஆய்வில் சேர்த்தோம், காரணம் இது, இப்போது வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம், சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

மொழி விஷயத்தில் நம்மவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. தமிழ் பேசுகிற நோயாளி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வலி எங்கே, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதற்கு ஓடிப்போய் உதவுங்கள். ஆய்வுச் சம்மதத்துக்கு மட்டும் நீங்கள் மொழிபெயர்க்காதீர்கள். ஊர்ப்பக்கத்துப் பாட்டி ஒருவரிடம் இரண்டு பக்கத் தகவல் தாளை விளக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிவதற்குள், “நீ சொன்னாச் சரியாத்தாம்மா இருக்கும், எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கையை நீட்டிவிட்டார். அது ஆய்வுக்குக் கிடைத்த சம்மதமாகாது. மதுரைப் பேச்சுக்குக் கிடைத்த பாசம். தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள். பேரனை வைத்து ஒப்பேற்றாதீர்கள். ‘ஆங்கிலம் தெரியாதவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள்’ என்ற ஒரு வரி பல ஆய்வுத் திட்டங்களில் கேள்வியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதை அடித்துவிட்டு, நிதி கேட்கும்போதே மொழிபெயர்ப்புச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆவணம் இல்லாதவர்களும் வருவார்கள். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்குள் கிடைக்கிற சிகிச்சை யாருக்கும் இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்த பிறகுதான் கட்டணக் கணக்கு தொடங்கும். பேச்சை ஆரம்பிக்கும்போதே இதைச் சொல்லுங்கள். பயம் வீணானது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2017இல் என்.எச்.எஸ்ஸின் தரவுகளிலிருந்து முகவரியை உள்துறை அலுவலகத்துக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் ஒன்று இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 2018இல் அதைக் கைவிட்டார்கள். அந்தக் காலத்து நினைவு மக்களிடம் இருக்கிறது. உங்கள் படிவத்தில் விசா நிலையைக் கேட்காதீர்கள். பிறந்த நாடு ஆய்வுக் கேள்விக்குத் தேவை என்றால் மட்டும் கேளுங்கள், அதை யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பிறகு தொடர்புகொள்ள இரண்டு எண்கள் வாங்குங்கள். ஒன்று வாட்ஸ்அப் எண். வேலை மாறினால் வீடு மாறும், வீடு மாறினால் சிம் மாறும். ஊரிலிருக்கும் அம்மாவின் எண் மாறாது.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது

அவசரப் பிரிவின் தரவுகளில் நேரத்தை வைத்து எதைச் சொன்னாலும், முதலில் அந்த நேரத்தை யார், எதற்காக எழுதினார் என்று பாருங்கள். வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. முதலில் 98 சதவீதம் பேரை என்றார்கள், 2010இல் 95 ஆக்கினார்கள். அந்த 95ஐ இங்கிலாந்து கடைசியாகத் தொட்டது 2015 ஜூலையில். அப்புறம் 2024 மார்ச்சுக்குள் 76ஆவது வரட்டும் என்று இறங்கிவந்தார்கள். இந்தக் காலத்துத் தரவுகளை வரைந்து பார்த்தால் நான்காவது மணி முடிவதற்குச் சற்று முன்பாக ஒரு செங்குத்தான கோபுரம் தெரியும். வந்து மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆனதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உடம்பு சரியாகிவிடாது இல்லையா?

பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பு இன்னும் வேடிக்கை. பல வருடங்களாக வெளியான எண்ணிக்கை, ‘வார்டில் சேர்க்கலாம்’ என்று டாக்டர் முடிவெடுத்த நொடியிலிருந்து கணக்கிடப்பட்டது. வாசலில் காத்திருந்தது அதில் வராது. வந்த நேரத்திலிருந்தான கணக்கு 2023இல்தான் வழக்கமாக வெளியாக ஆரம்பித்தது. எனவே உங்கள் ஆய்வில் பூஜ்ஜியம் எது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்ததா, நோயாளியை நர்ஸ் ஏற்றுக்கொண்டதா, கணினியில் பதிந்ததா? மூன்றுக்கும் நடுவே ஒரு மாரடைப்பு நடந்து முடிந்துவிடலாம்.

காத்திருப்பு கொல்லும் என்பது பேச்சு வழக்கு இல்லை. வார்டில் சேர்க்க வேண்டியவர்களில், வந்த நேரத்திலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானவர்களில் 82 பேருக்கு ஒருவர் கூடுதலாக இறக்கிறார் என்று இங்கிலாந்துத் தரவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஆய்வை வைத்துத்தான் அவசர மருத்துவர்களின் ராயல் கல்லூரி வருடாவருடம் கூடுதல் இறப்புகளை மதிப்பிட்டுச் சொல்கிறது.

கூட்டத்துக்கு யார் காரணம்

காரிடாரில் டிராலியில் படுத்திருப்பவர், பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட பெண்ணைப் பார்த்துவிட்டு என்னிடமே சொல்வார்: ‘இவங்கள்லாம் வந்ததாலதான் டாக்டர் இவ்வளவு கூட்டம்.’ என்னைப் பார்த்தா சொல்கிறார் என்று முதலில் ஆச்சரியப்பட்டேன், இப்போது இல்லை. ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை.

ஷிஃப்டில் அவரோடு வாதாடாதீர்கள். வலியில் இருப்பவருக்கு வகுப்பு எடுப்பது நம் வேலை இல்லை. ஆனால் ஆய்வாளராக அந்த வாக்கியத்தை ஒரு கருதுகோளாக எடுத்துக்கொண்டு நோயாளியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். அவர் ஏன் காரிடாரில் இருக்கிறார்? மேலே வார்டில் படுக்கை இல்லை. படுக்கை ஏன் இல்லை? வீட்டுக்குப் போகத் தயாரான முதியவர் அதில் படுத்திருக்கிறார். இப்படி உடம்பு தேறியும் போக வழியில்லாமல் படுத்திருப்பவர்கள் இங்கிலாந்து முழுக்கப் பெரும்பாலான நாட்களில் பத்தாயிரத்துக்கு மேல். அவர் ஏன் போகவில்லை? வீட்டில் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்கவில்லை. சம்பளம் குறைவு, வேலை கடினம், உள்ளூரில் யாரும் வருவதில்லை.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் விசா இருக்கிறது. 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கு விசா திறந்தார்கள். கேரளத்திலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தார்கள். பலரை விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளிகளே சுரண்டினார்கள், அது தனிக் கொடுமை. 2024 மார்ச்சில் அவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ கூட்டிவரக் கூடாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதையே நிறுத்தினார்கள். முதலில் செய்தது கன்சர்வேட்டிவ், பிறகு செய்தது லேபர். வேலைக்காக வருபவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். காரிடாரில் கிடப்பவர்களில் பெரும்பாலோர் எழுபது, எண்பதைத் தாண்டியவர்கள். வந்தவரால் அடைத்துக்கொண்ட வாசல் இல்லை இது; அடைப்பை எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிறோம். இது என் கட்சிக் கருத்து என்று யாராவது சொன்னால், டிராலிக்குப் பின்னால் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

நம்மவர்களையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கோயில் விழாவில் பொங்கலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டே, ‘நாங்கள்லாம் ஒழுங்கா வந்தோம், இப்ப வர்றவங்க அப்படியா?’ என்கிற அங்கிள்கள் உண்டு. அவர்களில் பலர் ஒர்க் பெர்மிட்டே தேவைப்படாத காலத்தில் வந்தவர்கள். 1960லிருந்து 63வரை சுகாதார அமைச்சராக இருந்த ஈனோக் பவலின் மருத்துவமனைகள் துணைக்கண்டத்து டாக்டர்களை வைத்துத்தான் ஓடின. அதே பவல்தான் 1968இல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக அந்தப் பேர்போன உரையை ஆற்றினார். ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவர்கள், 2024 ஆகஸ்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளட்டும். சவுத்போர்ட் ஊரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு கலவரம் நடந்த அந்த நாட்களில் சண்டர்லண்டில் பிலிப்பினோ நர்ஸ்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த டாக்ஸியின் மேல் கல்லெறிந்தார்கள். எங்கள் பிரிவில் ஷிஃப்ட் முடிந்தவர்களை இருவர் இருவராகக் காரில் அனுப்பினோம். கல்லெறிபவன் நீங்கள் எந்த வருடத்து விசா என்று கேட்பதில்லை.

ஊருக்கு என்ன செய்வது

நான் படித்த கல்லூரியில் கட்டணம் என்று கட்டியது சொற்பம். மீதியைத் தமிழ்நாட்டு மக்கள் கட்டினார்கள். 2022 நெருக்கடியில் இலங்கையிலிருந்து டாக்டர்கள் கிளம்பியபோதும் இதே கதைதான், அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கல்வி இலவசம். மற்ற நாட்டின் டாக்டர்களை எடுப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. கட்டாயப்படுத்த அதற்குப் பல்லில்லை. வந்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை, ஆனால் கணக்குத் தீர்ந்தது என்றும் நினைக்கவில்லை.

ஊரோடு சேர்ந்து ஆய்வு செய்ய நினைத்தால் கேள்வியை அவர்களிடமிருந்து எடுங்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, ஹெல்மெட் போடாத தலைக்காயம், இவையெல்லாம் மிட்லண்ட்ஸில் உட்கார்ந்து யோசித்தால் வராது. வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுக்கு இந்தியாவில் எத்திக்ஸ் கமிட்டியோடு சுகாதார அமைச்சகத்தின் ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதியும் வேண்டும்; அதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். மருந்துச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய ஆய்வுப் பதிவேட்டில் முன்பதிவு கட்டாயம். முதல் ஆசிரியர் பெயர் அங்கே ராத்திரி பகலாக ஆள் சேர்த்தவருடையதாக இருக்கட்டும். உங்கள் பெயர் நடுவில் இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இலங்கையில் நடந்ததை எல்லோரும் படிக்க வேண்டும். பூச்சிமருந்து, மஞ்சள் அரளி விதை போன்ற விஷத்தைச் சாப்பிட்டு வருபவர்களுக்கு, விஷத்தை உறிஞ்சுகிற கரித்தூளான ஆக்டிவேட்டட் சார்க்கோலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிழைப்பார்களா என்று 4,632 பேரிடம் சோதித்தார்கள். 2008இல் முடிவு: பலனில்லை. ஆனால் எந்தப் பூச்சிமருந்தைக் குடித்தவர் அதிகம் சாகிறார் என்று வார்டுகளில் சேகரித்த கணக்கு வேறொரு காரியம் செய்தது. 1995 முதல் படிப்படியாகக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள், பாராகுவாட் உட்பட. தீவின் தற்கொலை விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. விஷமுறிவு தேடுகிற டாக்டர் கடைசியில் விவசாய அமைச்சகத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் ஃபைலோடு போங்கள்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை இங்கே கருத்தரங்குகளில் நான் விடாமல் எடுத்துக்காட்டுகிறேன். மாநிலத்தில் எங்கே விபத்தில் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்; தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய்வரை. பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் உண்டு, வெளிநாட்டவருக்கும் உண்டு. குறைகள் இருக்கலாம்; அதைக் கணக்கிடுவதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. முனைவர் பட்டம் தேடும் தம்பி தங்கைகள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம்

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், முறையான விசாவோடு இங்கே வசித்தால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே தேர்தலில் ஓட்டுப் போடலாம். வீட்டு முகவரி கிடைத்த வாரமே பதிந்துவிடுங்கள். டாக்டர்கள் இன்னும் குடும்பத்தைக் கூட்டிவரலாம். ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்தால் என்.எச்.எஸ்ஸுக்காக விசாவோடு வாங்குகிற சர்சார்ஜ் கட்டணமும் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக நீட்டும் யோசனையை 2025 மே மாதம் அரசு வெளியிட்டது. அதனால் வீடு வாங்குவதற்கு முன் அன்றைய விதியைப் படியுங்கள். சமூக ஊடகத்தில் அரசியல் எழுதுங்கள், நோயாளியைப் பற்றி எழுதாதீர்கள், அவர் பெயரைச் சொல்லாமலும் எழுதாதீர்கள்.

கடைசியாக நேரம். கன்சல்டன்ட் ஒப்பந்தம் வாரத்துக்குப் பத்து பி.ஏ. என்று போகும்; பி.ஏ. என்பது வேலை நேரத்தின் ஒரு அலகு, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். அதில் ஆய்வுக்கு எத்தனை என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். ‘சேருங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று வாயால் சொன்னால் சிரித்துக்கொண்டே, ‘அதை ஒரு மெயிலில் அனுப்பிடுங்க’ என்று சொல்லுங்கள். அந்த நேரம் எந்தக் கிழமை, எந்த அறையில், யார் உங்களுக்குப் பதிலாக ஷிஃப்ட் பார்ப்பார் என்பதுவரை ஜாப் பிளானில் எழுதி வாங்குங்கள். கிழமை குறிக்காத ஆய்வு நேரம் குளிர்காலத்தின் முதல் வாரத்திலேயே காணாமல் போய்விடும். மெயில் வரவில்லை என்றால் அடுத்த மருத்துவமனையின் விளம்பரத்தைப் பாருங்கள். கன்சல்டன்ட் கிடைக்காமல் தவிக்கிற அவசரப் பிரிவுகள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன.